எலி கூடு கட்டிய பழைய கார் ரேடியேட்டரை மீட்டெடுப்பது: முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற பழைய காரின் பானெட்டைத் திறந்தால், ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே பஞ்சு, காகிதத் துணுக்கு, காய்ந்த புல், கொட்டை ஓடு எல்லாம் அடைந்த எலிக்கூடு கிடப்பது சாதாரணம். பார்த்தவுடன் கண்ணில் படுவது கடித்த ஹோஸும் நசுங்கிய ஃபின்களும்தான் (ஃபின் என்பது சூட்டைக் காற்றுக்கு விடும் மெல்லிய தகடு). அவற்றைச் சரிசெய்வது எளிது. செம்பும் பித்தளையும் சேர்ந்த பழைய ரேடியேட்டரைக் கொல்வது எலியின் மூத்திரம்.

மூத்திரத்தில் உள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. ஈரமும் காற்றும் கூடவே இருந்தால் அம்மோனியா செம்பைக் கரைக்கும். ஃபின்களின் மேல் நீலமும் பச்சையுமாகப் பூத்திருக்கும் களிம்பு அதன் அடையாளம். பித்தளையில் நடப்பது இதைவிட மோசம். வளைத்தும் அடித்தும் உருவாக்கிய பித்தளைக்குள் ஓர் இழுவிசை எப்போதும் தங்கியிருக்கும். அம்மோனியா பட்டால் அந்த இழுவிசை இருக்கும் இடங்களில் மயிரிழை விரிசல்கள் ஓடும். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் இப்படித்தான் விரிசல் விட்டுப்போயின. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும் உறையில் தங்கியிருந்த இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை அது என்ற விளக்கம் 1921இல் வந்தது.

ஆகவே கூட்டை எடுத்துப் போட்டதும் வேலை முடிந்துவிடாது. மூத்திரத்தின் உப்பு உள்ளே இருக்கும்வரை, அடுத்த ஈரப்பதமான வாரத்தில் அரிப்பு மறுபடி தொடங்கும். கழுவுவது முதலில், சோதிப்பது பிறகு, பற்றவைப்பது கடைசியில். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில் உங்கள் உடம்பு

எலியின் மூத்திரத்தில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். சில எலி வகைகள் ஹான்டா வைரஸையும் பரப்பும். காய்ந்த கூட்டைத் துடைப்பத்தால் பெருக்குவதோ, கம்ப்ரஸர் காற்றால் ஊதுவதோ, வீட்டு வாக்யூமால் உறிஞ்சுவதோ கூடவே கூடாது. தூசி எழும்பினால் கிருமி நேராக நுரையீரலுக்குப் போகும்.

ஷெட்டின் கதவு, ஜன்னல்களைத் திறந்துவைத்து அரைமணி நேரம் வெளியே இருங்கள். ரப்பர் கையுறை, கண்ணாடி, என்95 தரத்துக்குக் குறையாத முகக்கவசம் மூன்றும் வேண்டும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அதை மூடிவிட்டே தொடங்குங்கள். கூடு முழுவதும் நனையும்படி கிருமிநாசினிக் கரைசலை மெல்லிய தூறலாகத் தெளித்து, குறைந்தது ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள்.

எந்தக் கிருமிநாசினி என்பதில் கவனம் தேவை. குளோரின் பிளீச் தரைக்கும் சுவருக்கும் நல்லது. ஆனால் அது செம்பையும் பித்தளையையும் அரிக்கும். அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் வாயு வரும். இரண்டும் மூச்சுக்குழாயைப் புண்ணாக்குபவை. பின்னால் நாம் சிட்ரிக் அமிலம் பயன்படுத்தப் போகிறோம், கூட்டிலோ அம்மோனியா ஏற்கெனவே இருக்கிறது. எனவே ரேடியேட்டர் பக்கம் பிளீச்சைக் கொண்டுவராமல், பிளீச் கலக்காத வீட்டுக் கிருமிநாசினி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

2. கையில் இருப்பது என்ன ரேடியேட்டர்?

தண்ணீர் ஓடும் வழிகளும் ஃபின்களும் சேர்ந்த நடுப்பகுதிதான் கோர். அதன் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து லேசாகச் சுரண்டுங்கள். சிவப்பாகத் தெரிந்தால் செம்பு, மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. வெள்ளையாகத் தெரிந்தால் பிற்காலத்தில் யாரோ மாற்றிப் பொருத்திய அலுமினியமாக இருக்கலாம். கீழே சொல்லும் பற்றவைப்பு முறை அதற்குப் பொருந்தாது.

அடுத்தது கோரின் அமைப்பு. நேரான குழாய்களும் அவற்றைக் குறுக்காகத் தொட்டு நிற்கும் ஃபின்களும் இருந்தால் அது டியூப் வகை. பழுது பார்க்கச் சுலபம். முன்னிருந்து பார்க்கும்போது தேன்கூடு போலச் சின்னச் சின்னக் கண்களாக இருந்தால் அது ஹனிகோம்ப் வகை. இதில் காற்று கண்களின் ஊடே போகும், தண்ணீர் கண்களைச் சுற்றியுள்ள மெல்லிய இடைவெளியில் ஓடும். 1901இல் வந்த மெர்சிடிஸ் 35 எச்பி காரில் வில்ஹெல்ம் மேபாக் பயன்படுத்தியது இந்த அமைப்பைத்தான். இந்த வகையில் குழாய்க்குள் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்ய வழியே இல்லை. உள்ளே விதையோ முடியோ போய்விட்டால் தண்ணீர் ஓட்டத்தாலும் கரைசலாலும் மட்டுமே வெளியே கொண்டுவர முடியும்.

வாட்டர் பம்ப் இல்லாத, தெர்மோசைஃபன் முறையில் இயங்கும் காரா என்பதையும் பாருங்கள். ஃபோர்டு மாடல் டி போன்ற கார்களில் சூடான தண்ணீர் மேலே எழுவதும் குளிர்ந்தது கீழே இறங்குவதும் மட்டுமே சுழற்சிக்குக் காரணம். தள்ளும் விசை மிகக் குறைவு என்பதால், பம்ப் வைத்த காரில் பொருட்படுத்தத் தேவையில்லாத சிறு அடைப்புகூட இங்கே என்ஜினைச் சூடாக்கிவிடும்.

3. கழற்றுவது

கழற்றுவதற்கு முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துவையுங்கள். அடியில் வைத்த ரப்பர் பேடுகள், ஷிம்கள் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடுகள்), தாங்கு கம்பிகளின் நட்டுகள் எந்த வரிசையில் இருந்தன என்பது பின்னால் நினைவில் நிற்காது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, பழைய கூலண்டைப் பாத்திரத்தில் பிடியுங்கள். அதில் எத்திலீன் கிளைக்கால் இருக்கலாம். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், நக்கினால் சிறுநீரகம் போய்விடும். மூடிவைத்து, முறையாக அப்புறப்படுத்துங்கள்.

ஹோஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் திருகி இழுக்காதீர்கள். ரேடியேட்டரின் கழுத்து மெல்லிய பித்தளை, ஈயப்பற்றில்தான் (சால்டர்) நிற்கிறது. ஹோஸை நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்து எடுங்கள். எலி இருந்த காரில் எந்த ஹோஸும் திரும்பப் போடத் தகுந்தது அல்ல. வெளியே முழுதாகத் தெரிந்தாலும் அடிப்பக்கத்தில் கடித்திருக்கும்.

4. கூட்டை எடுப்பது

நனைந்த கூட்டைக் கையாலும் சாமணத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, இரட்டைப் பையில் போட்டுக் கட்டுங்கள். ஃபின்களுக்கு நடுவே சிக்கிய நாரை இழுக்கும்போது ஃபின் நீண்டிருக்கும் திசையிலேயே இழுக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் ஃபின் வளைந்து கிழியும். ஹனிகோம்ப் கண்களில் அடைத்த விதைகளை முன்பக்கமிருந்து உள்ளே தள்ள வேண்டாம். கண்ணைவிடச் சற்று மெல்லிய மரக்குச்சியால் பின்னிருந்து முன்னாக, காற்று வரும் திசைக்கு எதிராகத் தள்ளினால் வந்துவிடும். இரும்புக் கம்பி, ஸ்க்ரூடிரைவர் இரண்டும் வேண்டாம். கண்ணின் சுவரே தண்ணீரின் சுவர் என்பதால், ஒரு குத்து போதும், புது லீக் உருவாகிவிடும்.

ஃபில்லர் மூடி இல்லாமல் கார் நின்றிருந்தால் மேல் டேங்குக்குள்ளும் ஓவர்ஃப்ளோ குழாய்க்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். டேங்குக்குள் விதை இருந்தால் ரேடியேட்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, உலர்ந்த நிலையிலேயே மெதுவாகத் தட்டி எடுங்கள். முதலில் தண்ணீர் விட்டால் விதை ஊதிப் பெருத்து, குழாய் வாயிலேயே மாட்டிக்கொள்ளும்.

5. கழுவுவது: அவசரப்படக் கூடாத இடம்

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். இதற்கு ஒரு நாள் முழுவதையும் ஒதுக்குங்கள்.

முதல் கழுவல் வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் துலக்கும் சோப்பும். பெரிய தொட்டியில் கோர் முழுவதும் மூழ்கும்படி ஒரு மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் ஃபின் திசையில் தேய்த்து, பின்பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸின் அழுத்தம் போதும். பிரஷர் வாஷர் காகிதம் போன்ற ஃபின்களை ஒரே நொடியில் படுக்கவைத்துவிடும். தண்ணீர் நிறம் மாறாமல் வரும்வரை ஊறவைப்பதையும் அலசுவதையும் திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.

களிம்பும் கெட்டியான மூத்திரப் படிவும் சோப்புக்கு அசையாது. அதற்கு ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்த கரைசல் சரியாக இருக்கும். இருபது நிமிடம் ஊறவைத்து எடுத்துப் பாருங்கள். தேவையானால் புதிய கரைசலில் மீண்டும் ஒருமுறை. இரவு முழுவதும் ஊறவிடுவது தவறு, ஏனென்றால் அமிலம் ஈயப்பற்றையும் மெல்லத் தின்னும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். ரேடியேட்டர் கடைகளில் பெயின்ட் உரிக்கப் பயன்படும் சூடான காஸ்டிக் சோடா தொட்டியும் அரிப்பு கண்ட மெல்லிய ஃபினுக்கு ஆபத்தானது. அலுமினியத்தைக் கரைத்தே விடும். ஜன்னல் கண்ணாடி துடைக்கும் திரவங்களில் அம்மோனியா இருப்பது உண்டு, பித்தளை பாலிஷ்களிலும் இருக்கும். மூத்திரத்தால் சேதமான பித்தளை மேல் அவற்றைப் பூசுவது வந்த நோயையே மருந்தாகக் கொடுப்பது.

அமிலத்துக்குப் பிறகு, தண்ணீரில் சமையல் சோடா கலந்து ஒருமுறை ஊற்றிச் சமன் செய்து, கடைசியாகக் கனிமம் நீக்கிய தண்ணீரால் அலசுங்கள். அலசிய தண்ணீரில் செம்பும் ஈயமும் கரைந்திருக்கும். அதைச் செடிக்கோ கால்வாய்க்கோ விடாமல் பிடித்துவையுங்கள்.

உப்பு போய்விட்டதா என்று எப்படித் தெரியும்? ரேடியேட்டர் இன்னும் ஈரமாக இருக்கும்போது பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, நனைத்த சிவப்பு லிட்மஸ் தாளை உலோகத்தைத் தொடாமல் உள்ளே தொங்கவிட்டு, பையைக் கட்டி ஒரு நாள் விடுங்கள். தாள் நீலமாக மாறினால் அம்மோனியா இன்னும் வருகிறது; மறுபடி முதலிலிருந்து கழுவ வேண்டியதுதான். மாறாமல் இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். மூக்கை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல்.

6. நிதானமாகப் பார்ப்பது

வெயிலில் நன்றாகக் காயவிட்டு, பூதக்கண்ணாடியும் நல்ல வெளிச்சமும் வைத்துக்கொண்டு பாருங்கள். பித்தளை டேங்கின் வளைவுகள், மடிப்புகள், கழுத்து சேரும் இடம், பக்கப் பட்டைகளின் மூலை ஆகியவை விரிசல் தொடங்கும் இடங்கள். ஒற்றைக் கோடாக இருக்கலாம், கிளை பிரிந்தும் ஓடலாம்.

ஃபின்களை விரல் நுனியால் மெதுவாகத் தொடுங்கள். வளைந்து நின்றால் உயிர் இருக்கிறது. தொட்டதும் பொடியாக உதிர்ந்தால் அந்தப் பகுதி செத்துவிட்டது. இன்னொன்றும் இருக்கிறது, பலர் கவனிக்காதது: ஃபின் பார்க்க நன்றாகவே இருந்தும், குழாயோடு சேர்ந்த பற்று அரித்துப்போய் ஆடிக்கொண்டிருக்கும். ஒரு சொட்டும் ஒழுகாது, ஆனால் சூடு குழாயிலிருந்து ஃபினுக்குப் போகாது. மரக்குச்சியால் லேசாக அசைத்துப் பார்த்தால் தெரியும்.

7. உட்புறம்

கீழ்க் கழுத்தில் தண்ணீர் விட்டு மேல் கழுத்து வழியாக வெளியே வரும்படி, வழக்கமான ஓட்டத்துக்கு எதிராக அலசுங்கள். வெளியே வருவதை மெல்லிய துணியில் வடிகட்டினால் என்ன அடைத்திருந்தது என்று கண்ணாலேயே பார்க்கலாம். துரு, சுண்ணாம்புப் படிவு இருந்தால் அதே சிட்ரிக் கரைசலை உள்ளேயும் ஊற்றி அதே இருபது நிமிடக் கணக்கில் வைத்து எடுங்கள்.

அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்க: காலி ரேடியேட்டரில் வெந்நீரைச் சீராக ஊற்றி, கோரின் குறுக்கே உள்ளங்கையை நகர்த்துங்கள். சூடு ஏறாத பட்டை அடைபட்ட குழாய். டியூப் வகையாக இருந்தால், டேங்கைப் பிரித்து மெல்லிய தட்டைக் கம்பியால் குழாய்களைக் குத்தி எடுக்கலாம். அது ரேடியேட்டர் மெக்கானிக்கின் வேலை. பழகாத கைக்கு வேண்டாம்.

8. லீக் சோதனை

கழுத்துகளை ரப்பர் பிளக்கால் அடைத்து, ஒன்றில் மட்டும் காற்று வால்வு பொருத்தித் தொட்டியில் மூழ்கடியுங்கள். அழுத்தம் இல்லாத பழைய குளிரூட்டும் முறைக்கு 3 பிஎஸ்ஐ போதும், 5க்கு மேல் போக வேண்டாம். பிரஷர் மூடி வைத்த காராக இருந்தால் மூடியில் எழுதிய அளவு வரை போகலாம். நான் சைக்கிள் பம்பையும் சிறிய அழுத்தமானியையும்தான் சிபாரிசு செய்வேன். கம்ப்ரஸரை ரெகுலேட்டர் இல்லாமல் இணைத்தால் டேங்க் பலூனாக உப்பி, மடிப்பு பிரிந்துவிடும்.

குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொள்ளும்போது, அது உண்மையில் எங்கிருந்து கிளம்புகிறது என்று பொறுமையாகப் பாருங்கள். கோரின் நடுவில் பிறந்த குமிழி ஃபின்களுக்குள் வளைந்து போய் வேறிடத்தில் தலைகாட்டும். ரேடியேட்டரைத் திருப்பிவைத்து இன்னொரு கோணத்திலும் உறுதிசெய்யுங்கள்.

9. ஃபின் நிமிர்த்துவது

ஃபின் இடைவெளிக்குப் பொருந்தும் பிளாஸ்டிக் சீப்பு கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் மெல்லிய மரப்பட்டை. ஒரே இழுப்பில் நேராக்க முயலாமல் இரண்டு மூன்று தடவையில் நிமிர்த்துங்கள். அரிப்பு கண்ட செம்பு திரும்பத் திரும்ப வளைத்தால் உடையும் என்பதால், முக்கால்வாசி நேராகிவிட்ட ஃபினை அழகுக்காகத் தொடாமல் விடுவதே மேல்.

10. பற்றவைப்பது

சுத்தமான ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், வெள்ளீயம் 232இல். இரண்டும் 63க்கு 37 என்ற விகிதத்தில் (வெள்ளீயம் அதிகம்) சேர்ந்தால் 183 டிகிரியிலேயே சட்டென்று உருகிச் சட்டென்று உறையும். பழைய ரேடியேட்டர்களின் பற்றில் பெரும்பாலும் ஈயம் அதிகம் என்பதால் அது முழுதாக உருகக் கூடுதல் சூடு வேண்டும். நீங்கள் 60/40 அல்லது 63/37 சால்டரை எடுத்தால், பக்கத்துப் பற்று பிரிவதற்குள் உங்கள் வேலை முடிந்துவிடும். ஈயமில்லாத சால்டர்கள் இதைவிட அதிகச் சூட்டில் உருகுவதால் இந்த வேலைக்கு ஒத்துவராது. வெல்டிங், பிரேசிங் இரண்டுக்கும் இங்கே இடமே இல்லை. மொத்த ரேடியேட்டரும் துண்டுதுண்டாகப் பிரிந்துவிடும்.

பற்று பிடிக்க உலோகம் பளபளவென்று இருக்க வேண்டும். களிம்பு பட்ட இடத்தைச் சுரண்டி, சிறிய கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, குழிகளுக்குள்ளும் புது உலோகம் தெரியும்வரை போங்கள். பழைய சால்டரின் தூளில் ஈயம் இருப்பதால் முகக்கவசத்தோடு ஈரமாகத் தேய்த்து, வேலை முடிந்ததும் கை கழுவுங்கள். சுற்றியுள்ள நல்ல பற்றுகள் மேல் ஈரத்துணி போர்த்தி, கனமான செம்பு முனை கொண்ட சால்டரிங் அயர்னால் சூடேற்றுங்கள். மெல்லிய முனை அயர்னின் சூட்டைப் பித்தளை உடனே உறிஞ்சிவிடும், பற்று ஒட்டாமல் உருண்டை உருண்டையாக நிற்கும். முதலில் இரண்டு பரப்பிலும் மெல்லிய ஈயப்பூச்சு கொடுத்து, பிறகு சேருங்கள்.

ஈயம் பூச நவச்சாரம் பயன்படுத்துவது பழைய பழக்கம். நவச்சாரம் அம்மோனியம் குளோரைடு. அம்மோனியாவால் விரிசல் விட்ட பித்தளையில் அதைத் தடவ எனக்கு மனம் வராது. சிறிய வேலைக்கு ரோசின் ஃப்ளக்ஸ் (பற்று நன்றாக ஒட்டுவதற்காகத் தடவும் பொருள்) போதும். அது போதாத இடத்தில் ஜிங்க் குளோரைடு ஃப்ளக்ஸ் பயன்படுத்தினால், ஆறியதும் சமையல் சோடா கலந்த வெந்நீரால் முழுமையாகக் கழுவிவிடுங்கள்.

டேங்கில் உள்ள விரிசலைக் கோட்டின் மேல் மட்டும் ஈயம் வைத்து மூடினால் நிற்காது. விரிசல் இரு முனையிலும் தொடர்ந்து ஓடும். விரிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் அரை அங்குலமாவது வரும்படி மெல்லிய செம்புத் தகட்டை வெட்டி, வளைவுக்கு ஏற்றபடி அடித்து, தகடு முழுவதும் ஈயம் ஓடும்படி ஒட்டுங்கள். கோரில் ஒரு குழாய் அரித்துப்போயிருந்தால் அதன் இரு முனையையும் அடைத்து ஓட்டத்திலிருந்து விலக்கிவிடலாம். நூற்றுக்கு ஐந்து குழாய் வரை இப்படி விடுவேன், அதற்கு மேல் விட மாட்டேன்.

எபாக்சி பசை, ஸ்டாப் லீக் பொடி இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். பசை ஒட்டிய இடத்தில் பின்னால் யாராலும் ஈயம் பிடிக்கவைக்க முடியாது. பொடி ஹனிகோம்பின் குறுகிய வழிகளை அடைத்துவிடும்.

11. எப்போது கோரை மாற்றுவது

ஃபின்கள் கைப்பிடி அளவுக்குப் பல இடங்களில் உதிர்ந்தால், பற்றவைத்த அடுத்த நாளே பக்கத்தில் புதுக் குமிழி வந்தால், அல்லது குழாய்கள் டேங்கோடு சேரும் தட்டில் கிளை விரிசல் பரவியிருந்தால், கோர் முடிந்துவிட்டது. அப்போதும் மேல், கீழ் டேங்குகள், பக்கப் பட்டைகள், வெளி உறை, பெயர்ப்பட்டை ஆகியவை பெரும்பாலும் காப்பாற்றக்கூடியவை. அவற்றை வைத்துப் புதுக் கோர் போட்டுத் தரச் சொல்லுங்கள். மொத்தத்தையும் தூக்கிப் போட்டு அலுமினிய ரேடியேட்டர் மாட்டுவது காரின் முகத்தையே மாற்றிவிடும். பழைய கார்களில் ரேடியேட்டர்தான் முகம். ஹனிகோம்ப் கோர் புதிதாகச் செய்பவர்கள் மிகச் சிலரே, காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருங்கள்.

12. பெயின்ட்

கோருக்கு ரேடியேட்டருக்கென்றே வரும் மெல்லிய கறுப்பு பெயின்ட்டை ஒரே ஒரு தூறலாக அடித்தால் போதும். தடித்த பூச்சு சூட்டை வெளியே விடாது.

13. திரும்ப மாட்டுவது

சட்டத்தில் புது ரப்பர் பேடுகள் வைத்து, ரேடியேட்டர் முறுக்கப்படாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். சேஸிஸ் வளையும்போது அந்த வளைவு கோருக்குப் போகக் கூடாது.

என்ஜினின் வாட்டர் ஜாக்கெட்டையும் (என்ஜினுக்குள் தண்ணீர் ஓடும் வழி) அலசாமல் ரேடியேட்டரை மாட்டினால் உள்ளே இருக்கும் குப்பை சுத்தமான கோருக்கு வந்து சேரும். மேல் ஹோஸ் ரேடியேட்டரோடு சேரும் இடத்தில் பழைய நைலான் ஸ்டாக்கிங் துண்டை வடிகட்டியாக மாட்டுவது பழைய கார்க்காரர்களின் நல்ல பழக்கம். முதல் சில குறுகிய ஓட்டங்களுக்குப் பிறகு அதை எடுத்துவிட வேண்டும். தெர்மோசைஃபன் காரில் முதல் ஓட்டம் முடிந்ததுமே எடுத்துவிடுங்கள்.

கூலண்டுக்குக் கனிமம் நீக்கிய தண்ணீரும், செம்பு, பித்தளை, ஈயப்பற்று மூன்றுக்கும் ஏற்றது என்று குறிப்பிட்ட, சிலிகேட் கலந்த பழைய வகை கிளைக்காலும். ஆர்கானிக் அமிலம் சார்ந்த புதிய வகைகளில் சில ஈயப்பற்றுக்கு ஆகாது. முதலில் சில நாள் தண்ணீர் மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒழுகவில்லை என்று உறுதியானதும் கிளைக்கால் சேருங்கள். மூடியின் அழுத்த அளவைப் பழைய அளவுக்கு மேல் கூட்டாதீர்கள். தெர்மோசைஃபன் முறையில் மேல் ஹோஸின் வாய் எப்போதும் தண்ணீருக்குக் கீழே இருக்க வேண்டும். மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் சுழற்சி நின்றுவிடும்.

14. எலி மறுபடி வராமல்

சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் ஓட்டை போதும். நிறுத்திவைக்கும் காலத்தில் கிரில்லுக்குப் பின்னாலும் ஓவர்ஃப்ளோ குழாயின் முனையிலும் அதைவிட நெருக்கமான கண் கொண்ட கம்பி வலை வையுங்கள். ஃபில்லர் மூடியைத் திறந்து விடாதீர்கள். மாதம் ஒருமுறை பானெட்டைத் திறந்து டார்ச் அடியுங்கள். ஒரு வார வயதுள்ள கூட்டுக்கும் ஓராண்டு வயதுள்ள கூட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கோரின் விலை. விஷம் வைத்தால் எலி எங்காவது குழாய்க்குள் போய்ச் சாகும் என்பதால் பொறியையே வையுங்கள்.

எலியை விரட்ட அம்மோனியாவில் நனைத்த துணியை பானெட்டுக்குள் வைக்கச் சொல்லும் யோசனை பரவலாக இருக்கிறது. பித்தளை ரேடியேட்டர் உள்ள காரில் அதை ஒருபோதும் செய்யாதீர்கள். நீங்கள் கழுவி வெளியேற்றிய அதே பொருளை மூடிய பானெட்டுக்குள் ஆவியாக நிரப்புகிறீர்கள். கம்பி வலைகளை வைத்ததும், எங்கெங்கே வைத்தீர்கள் என்று ஒரு அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிடுங்கள். என்ஜினை எழுப்புவதற்கு முன் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும்.